பதினேழாம் நம்பரில் விழுகிறவர்கள்

மூன்று வாரத்தில் நான்கு பேர் விழுந்துவிட்டார்கள். நான்கு பேரும் ஒரே பஸ்ஸுக்குள். பதினேழாம் நம்பர், காலை ஷிப்ட். பஸ் எதன்மேலும் மோதவில்லை. எதுவும் பஸ்ஸின்மேல் மோதவில்லை. வேகப் பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்தால் வேகம் நாற்பதைத் தாண்டியதே இல்லை. ஏறினார்கள், விழுந்தார்கள், திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

பஸ்ஸுக்குள் ஒருவர் விழுந்தால் டிப்போவில் எல்லாருடைய தலையும் பிரேக் மெக்கானிக் பக்கம்தான் திரும்பும். அந்த மெக்கானிக் நான். மூன்று தடவை பஸ்ஸைக் குழியின்மேல் நிறுத்தி, அடியில் இறங்கி, காற்றுக் குழாயிலிருந்து பிரேக் கட்டை வரை பார்த்துவிட்டேன். சோப்பு நுரை தடவிக் காற்று கசிகிறதா என்றுகூடப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. போதாக்குறைக்கு க்ளட்ச்சையும் பிரித்துப் பார்த்தேன். புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது.

இதில் மண்டையைக் குடைந்த விஷயம் வேறு. அதே பஸ் மாலையில் வேறு டிரைவர், வேறு கண்டக்டரோடு ஓடுகிறது, ஒருவரும் விழுவதில்லை. காலை டிரைவர் ஒருநாள் வேறு கண்டக்டரோடு ஓட்டினார், யாரும் விழவில்லை. காலைக் கண்டக்டர் ஒருநாள் வேறு டிரைவரோடு போனாள். அன்றும் யாரும் விழவில்லை. ஆக பஸ் சரி, டிரைவர் சரி, கண்டக்டர் சரி. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் ஜனங்கள் விழுகிறார்கள். தனித்தனியாகச் சோதித்தால் நல்ல சாமான், பூட்டினால் ஓடாது என்கிற கதை எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது சாமான். இது என் அக்காவும் மச்சானும்.

ஆமாம், கண்டக்டர் என் அக்கா. டிரைவர் அவள் புருஷன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் அவர்களுக்கு எதிரெதிர் ஷிப்ட். அவர் காலையில், இவள் மாலையில். மாதம் மாறினால் இவள் காலையில், அவர் மாலையில். டிப்போ வாசலில் இரண்டு நிமிஷம் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுச் சாவி கை மாறும், கேஸ் தீர்ந்துவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் போன்ற முக்கியச் செய்திகள் சொல்லப்படும், அவ்வளவுதான் குடும்பம். ஒரே பஸ்ஸில் டியூட்டி கேட்டு ஆறு மனு போட்டு, ஏழாவது மனுவில் கிடைத்தது. மூன்று மாதமாகத்தான் ஒன்றாக வேலைக்குப் போய் ஒன்றாக வீட்டுக்கு வருகிறார்கள்.

"வெள்ளிக்கிழமை விசாரணை," என்றார் மேனேஜர். அவர் மேஜையில் புகார்க் கடிதங்கள் ஒரு கிளிப்புக்குள் தடித்துக் கிடந்தன. "காரணம் தெரியலன்னா ரெண்டு பேரையும் பிரிச்சுப் போட்டுடுவேன். பிரிச்சா யாரும் விழறதில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

எழுதிக் கொடுத்தது நான்தான். உண்மையைத்தானே எழுத முடியும்.

"சார், அது தீர்வு இல்ல. எதனால விழறாங்கன்னே தெரியாம..."

"எதனாலன்னு எனக்கு எதுக்குய்யா? விழலன்னா சரி."

ஷெட்டுக்குத் திரும்பினால் அங்கே இன்னொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. டயர் மாற்றுகிறவனுக்குப் பஞ்சர் என்று பெயர். டயரைக் கழற்றுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவன் வாயில் காற்று நிற்காது.

"எனக்குக் காரணம் தெரியும்," என்றான். "வீட்டுல சண்டை. உங்கக்கா கோவத்துல மணிய அடிக்குது, உங்க மச்சான் கோவத்துல வண்டிய எடுக்கறாரு. நடுவுல நிக்கறவன் பல்டி."

"சண்டையே இல்லடா. மூணு மாசமா ரெண்டும் கொஞ்சிக்கிட்டு அலையுதுங்க."

"அப்படின்னா இன்னும் மோசம்," என்றான் பஞ்சர்.

அவன் தெரியாமல் சரியான இடத்தில் கை வைத்துவிட்டான் என்பது எனக்கும் அப்போது தெரியவில்லை.

*

செவ்வாய்க்கிழமை, கடைசியாக விழுந்த தையல்கார அம்மாவைப் பார்க்கப் போனேன். ஒற்றை அறைக் கடை. மெஷினை நான்கு செங்கல்மேல் உயர்த்திவைத்து, நின்றபடியே, ஒற்றைக் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பஸ் டிப்போவிலேர்ந்து வர்றேன்."

"உட்காருப்பா. நீயாவது உட்காரு. என்னால முடியல."

"எங்க அடி?"

அவர் என்னை முறைத்தார். "காட்டச் சொல்றியா?"

"ஐயோ இல்லம்மா! முன்பக்கமா பின்பக்கமான்னு மட்டும் சொல்லுங்க."

"பின்பக்கம்தான்யா. மல்லாக்க விழுந்தா வேற எங்க படும்? உட்கார்ற எலும்புல விரிசல் விட்டிருக்காம். ஆறு வாரம் மெத்தையில சாய்ஞ்சு இருங்கறாரு டாக்டர். மெத்தையில சாய்ஞ்சா ரவிக்கை தானா தச்சுக்குமா?"

"மல்லாக்கவா விழுந்தீங்க? ரொம்ப சந்தோஷம்மா!"

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். நான் அவசரமாக விளக்கினேன். விளக்குவது என் வியாதி, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில் நிற்கிறவருடைய கால் மட்டும்தான் பஸ்ஸுக்குச் சொந்தம். உடம்பின் மீதிப் பகுதி சுதந்திரமாக நிற்கிறது. ஓடுகிற பஸ் பிரேக் போட்டால் கால் நின்றுவிடும், தலை போய்க்கொண்டே இருக்கும்; ஆள் முன்னால் விழுவார். நிற்கிற பஸ் கிளம்பினால் கால் கிளம்பிவிடும், தலை அங்கேயே நிற்கும். ஆள் பின்னால் விழுவார். முன்னால் விழுந்தால் மூக்கு, முழங்கால். பின்னால் விழுந்தால் முதுகு, முழங்கை, பின்மண்டை, இந்த அம்மாவுக்குப் பட்ட இடம்.

மற்ற மூன்று கடிதங்களிலும் என்ன எழுதியிருந்தது? ஒரு டீச்சருக்கு முழங்கை. ஒருவருக்கு முதுகு. முட்டை அட்டை வைத்திருந்தவருக்குப் பின்மண்டையில் வீக்கம்; முட்டைகள் அவர் வயிற்றின்மேல் பத்திரமாக இருந்தனவாம். நான்கு பேரும் மல்லாக்க. அதாவது நான்கு பேரும் பஸ் கிளம்பும்போது விழுந்திருக்கிறார்கள். மூன்று வாரமாக நான் குழிக்குள் இறங்கி பிரேக்குக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறேன். பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

"நீங்க ஏறி எவ்வளவு நேரத்துல வண்டி கிளம்புச்சு?"

"எவ்வளவு நேரமா? ஒரு கால் உள்ள, ஒரு கால் படியில. பைய தோள்ல மாட்டி கம்பிய எட்டறதுக்குள்ள டிங் டிங். அவ்வளவுதான், மேல ஃபேன் தெரிஞ்சுது." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "பின்மண்டை அந்த இரும்புப் படியில பட்டிருந்தா ஃபேன்கூடத் தெரிஞ்சிருக்காதுப்பா."

விளக்குவதை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

*

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினேழாம் நம்பரில் ஏறினேன். கையில் பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டில். மெக்கானிக்குக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. பஸ் எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தண்ணீர் சாய்ந்து காட்டிவிடும்.

"என்னடா, ஆபீஸ் போற ஆள் மாதிரி தண்ணி பாட்டிலோட?" என்றாள் அக்கா. பின்வாசலை ஒட்டிய தன் சீட்டில், முதுகைச் சாய்த்து, காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். சீட்டுக்குப் பக்கத்திலேயே மணிச் சுவிட்ச். ஒரு தடவை அழுத்தினால் நிறுத்து, இரண்டு தடவை அழுத்தினால் கிளம்பு. உலகத்திலேயே சுருக்கமான பாஷை.

பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். மச்சான் பஸ்ஸை எடுத்தது எல்லா டிரைவரும் எடுக்கிற மாதிரிதான். தண்ணீர் பின்பக்கம் இரண்டு விரல் ஏறி இறங்கியது. கம்பி பிடித்தவருக்கு அது ஒன்றுமே இல்லை. கம்பி பிடிக்காதவருக்கு அது போதும்.

அப்புறம் அக்காவைப் பார்த்தேன். கடைசி ஆளின் கால் படியில் பட்டதும் கை சுவிட்சுக்குப் போனது. டிங் டிங். அப்புறம் மச்சானைப் பார்த்தேன். இரண்டாவது டிங் அடங்குவதற்குள் க்ளட்ச்சிலிருந்து கால் எழுந்தது. ஒரு நொடிகூட நடுவில் இல்லை.

ஒன்பதாவது நிறுத்தத்தில் நிறைமாதமாக இருந்த ஒரு பெண் ஏறினாள். ஒரு கையில் மருத்துவமனைக் கோப்பு, ஒரு கையில் பை. கம்பிக்கும் அவளுக்கும் இரண்டடி தூரம். டிங் டிங்.

அவள் சாய்வதைப் பார்த்தேன். பாய்ந்து தோளைப் பிடித்துப் பக்கத்து சீட்டின்மேல் தள்ளினேன். யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் மல்லாக்க விழுந்து, பாட்டில்மேல் உருண்டு, பின்வாசல்வரை போய் அக்காவின் காலடியில் நின்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானதும் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"ஏன்க்கா அவ்வளவு சீக்கிரம் மணி அடிச்ச?"

"மணிதானேடா அடிச்சேன். அவர் கண்ணாடியில பாத்துட்டுத்தானே எடுப்பாரு?"

மச்சான் திரும்பினார். "நீ பாத்துட்டுத்தானேம்மா மணி அடிப்ப? நீ பாத்ததுக்கப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி," என்றேன். "ராக்கெட்டோட ஒருநாள் போனியே, அன்னிக்கு?" ராக்கெட் இன்னொரு டிரைவர். பெயரே சொல்லும்.

"அந்தப் பாவிய நம்பி மணி அடிக்க முடியுமா? எல்லாரும் கம்பி பிடிச்சாங்களான்னு எழுந்து நின்னு பாத்துட்டுத்தான் அடிச்சேன்."

"மச்சான், உங்களுக்கு அன்னிக்கு யாரு கண்டக்டர்? தூங்குமூஞ்சியா?"

"அவன் தூக்கத்துல கை பட்டாலும் மணி அடிக்கும் மாப்ள. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில தலைய எண்ணிட்டுத்தான் எடுத்தேன்."

பார்த்தீர்களா? இதுதான் கோளாறு. நிற்கிற பயணியைப் பார்க்க பஸ்ஸில் இரண்டு ஜோடிக் கண் இருக்கிறது. ஒன்று தப்பினால் இன்னொன்று பிடிக்கும். கூட இருப்பவன் முட்டாள் என்று இருவரும் நினைக்கிற வரைக்கும் நான்கு கண்ணும் வேலை செய்யும், பயணி பத்திரம். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அளவில்லாத நம்பிக்கை. அவர் பார்ப்பார் என்று இவள் பார்க்கவில்லை. இவள் பார்த்துவிட்டாள் என்று அவர் பார்க்கவில்லை. நான்கு கண் இருந்தும் ஒன்றும் பார்க்கவில்லை. பயணிகளைக் கீழே தள்ளியது இவர்களுடைய பாசம்.

எழுந்து டிரைவர் சீட்டுக்குப் போனேன். பயணிகளைக் காட்டுகிற உள்கண்ணாடி தலைக்குமேலே இருந்தது. அதற்குள் பார்த்தேன். நடுவழி தெரியவில்லை. கம்பிகள் தெரியவில்லை. பின்வாசல் மூலையில் ஒரு காலி சீட்டு மட்டும், சட்டம் போட்ட போட்டோ மாதிரி, நட்ட நடுவில் தெரிந்தது. அக்காவின் சீட்டு.

"மச்சான்?"

அவர் தலையைச் சொறிந்தார். "பதினோரு வருஷமா பாக்கவே இல்ல மாப்ள. சரி, போற வழியிலயாவது பாப்போமேன்னு..."

"நான் மூணு தடவை வண்டிய செக் பண்ணினேனே, அப்ப கண்ணாடி நேராத்தானே இருந்துச்சு?"

"சாயங்கால டிரைவர் திருப்பிடறான்ல? அவனுக்கு எதுக்கு உங்கக்கா சீட்டு?"

சீட்டின் உயரமும் கண்ணாடியின் கோணமும் டிரைவர் ஏறினால் மாறும், இறங்கினால் மாறும். அதனால் எந்த மெக்கானிக்கும் அதைக் குறித்துவைப்பதில்லை. சாட்சி தினமும் மதியம் இரண்டு மணிக்கு அழிந்துகொண்டிருந்தது. நான் குழிக்குள் நின்று அண்ணாந்து இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "லூசா நீங்க?" என்றாள் அவரிடம். அப்புறம் என்னிடம், "மேனேஜர்கிட்ட சொல்லிடு. பிரிச்சே போட்டுடட்டும். அந்தப் பொண்ணு விழுந்திருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவரோட ஒரே பஸ்ஸுல போவேன்?"

மச்சான் வீட்டுச் சாவியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டார்.

"நாளைக்கு ஒருநாள் டைம் குடு," என்றேன்.

*

நான் முதலில் செய்தது எல்லாரும் செய்கிற முட்டாள்தனம். புத்திமதி சொன்னேன். "ரெண்டு பேரும் பாருங்க" என்றேன். கண்ணாடியை நடுவழிக்குத் திருப்பி, திருகை ஸ்பேனர் போட்டு முறுக்கினேன்.

வியாழக்கிழமை முதல் நடை அருமையாகப் போனது. இரண்டாவது நடையில் அக்கா மறுபடியும் சீக்கிரம் மணி அடித்தாள், மச்சான் இனிமேல் கட்டாயம் பார்ப்பார் என்ற தைரியத்தில். மச்சான் எடுத்துவிட்டார், நேற்று அவ்வளவு கலங்கியவள் பார்க்காமலா அடிப்பாள் என்ற தைரியத்தில். நல்லவேளை, ஏறியவர் குஸ்தி வாத்தியார் மாதிரி இருந்தார். ஆடினார், விழவில்லை. முன்னால் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். பின்வாசல் சீட்டு.

"ஸ்பேனர் போட்டுல்ல முறுக்கினேன்?"

"உன் ஸ்பேனரத்தான் மாப்ள சீட்டுக்கடியில விட்டுட்டுப் போயிட்ட."

தப்பு அவர்மேல் இல்லை, என்மேல். ஒரு பாகம் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்கிறது என்றால் அதைப் பலவந்தமாக நிமிர்த்தக் கூடாது. அது எந்தப் பக்கம் சாய ஆசைப்படுகிறதோ, அந்தப் பக்கம் நமக்கு வேண்டியதை வைத்துவிட வேண்டும். மச்சானின் கண்ணாடி அக்காவின் பக்கம்தான் திரும்பும். சரி, திரும்பட்டும். அக்கா எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

மதியம் ஷிப்ட் மாறும் இடைவெளியில், ஸ்பேனரோடு ஏணியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் போனேன். பஞ்சர் ஒயரைப் பிடித்துக்கொண்டான். நாற்பது நிமிஷ வேலை.

*

வெள்ளிக்கிழமை மேனேஜரே பஸ்ஸில் ஏறினார். "உட்காருங்க சார்" என்றேன். "விசாரணை அதிகாரி உட்காரக் கூடாது" என்று நடுவழியில் நின்றுகொண்டார். அவருக்குப் பக்கத்தில் என் பாட்டில்.

முதல் நிறுத்தம். ஏழு பேர் ஏறினார்கள். அக்கா கடைசி ஆள் ஏறும்வரை பின்வாசலில் நின்றாள். அப்புறம் பழக்கதோஷத்தில் கை சீட்டுப் பக்கம் போனது. அங்கே சுவிட்ச் இல்லை. நான்கு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்து வந்தாள். "கம்பிய பிடிங்கண்ணே, நான் போகணும்ல. அக்கா, பைய உள்ள இழுத்துக்கோங்க. பிடிச்சுக்கோம்மா." நடுக்கம்பியை எட்டிப் பிடித்தாள். மணி அடித்தாள்.

முன்னால், தலைக்குமேலே இருந்த கண்ணாடியில் மச்சானின் கண் தெரிந்தது. பஸ் கிளம்பியது. பாட்டிலில் தண்ணீர் இரண்டு விரல் ஏறி இறங்கியது. ஒருவரும் அசையவில்லை, மேனேஜர் தவிர. விசாரணை அதிகாரி கம்பி பிடிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

முப்பத்தோரு நிறுத்தம் முடிந்தது. விழுந்தவர் எவரும் இல்லை. மூன்று நிமிஷம் தாமதம்.

"லேட்டாகுதே?" என்றார் மேனேஜர்.

"ஒரு நிறுத்தத்துக்கு ஆறு நொடி சார். அந்த ஆறு நொடியிலதான் மனுஷன் கம்பிய பிடிக்கறான். நேர அட்டவணைல அத மறந்துட்டாங்க."

அவர் இன்னும் கம்பியை விடாத தன் கையைப் பார்த்தார். மற்ற கையால் பேனாவை எடுத்து அட்டவணையில் மூன்று நிமிஷத்தைக் கூட்டி எழுதினார். "பிரிக்கறதப் பத்தி அப்புறம் பாக்கலாம்," என்றார்.

"அப்புறம்னா எப்ப சார்?" என்றாள் அக்கா.

"யாராச்சும் விழுந்தா."

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்றுவரை யாரும் விழவில்லை. தையல்கார அம்மா மெஷினைச் செங்கல்லிலிருந்து இறக்கிவிட்டார். அதே பஸ்ஸில்தான் வருகிறார். டிப்போவில் மீதியுள்ள நாற்பத்திரண்டு பஸ்ஸிலும் இப்போது இதையே செய்துகொண்டிருக்கிறேன். செய்தது இவ்வளவுதான்: மணிச் சுவிட்சைக் கண்டக்டர் சீட்டுப் பக்கத்திலிருந்து கழற்றி, ஒன்பதடி முன்னால், நடுவழிக் கம்பியில் மாட்டினேன். மணி அடிக்க வேண்டுமானால் கண்டக்டர் எழுந்து கூட்டத்தின் நடுவே ஆறு நொடி நடந்து வந்து, தானும் நின்றபடிதான் அடிக்க முடியும். அதற்குள் எல்லாரும் கம்பியைப் பிடித்துவிடுகிறார்கள். பிடிக்காதவர் அவள் கண்ணில் படுகிறார். பெண்டாட்டியைப் பார்க்க நினைக்கிற டிரைவர் கண்ணாடியை நடுவழிக்குத்தான் திருப்பியாக வேண்டும். திருப்பினால், அவளைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் தெரிகிறார்கள்.